சிவப்புக் கட்டத்தில் ஸ்டோரம்மா

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஸ்டோரம்மாவை ஷெட் வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். உள்ளே இரண்டு கவச வண்டிகள். "சனிக்கிழமை சோதனை. அன்னைக்கே கையெழுத்து" என்று சொல்லிவிட்டுக் கமிஷனர் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை இதோ, விடிந்தேவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஸ்டோரம்மா இருபத்தாறு வருஷமாகப் போலீஸ் ஸ்டோருக்குப் பொறுப்பாளர். டார்ச்சோ, மழைக்கோட்டோ, லத்தியோ, அவள் சோதித்துப் பார்த்து "உபயோகத்துக்குத் தகுதியானது" என்று கையெழுத்துப் போட்டால்தான் தெருவுக்குப் போகும். மூத்த மகள் நீலக் கம்பெனியில் என்ஜினியர். மூத்த மகளின் புருஷன், அதாவது வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை, பச்சைக் கம்பெனியில் என்ஜினியர். இரண்டு கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு வண்டிகளில் ஒன்றைத்தான் போலீஸ் வாங்கும்.

சின்னவள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஆள்குறைப்பை எதிர்த்துத் திங்கட்கிழமை நர்ஸுகள் ஊர்வலம் போகிறார்கள். முன் வரிசையில் சின்னவள். ஸ்டோரம்மா இன்று கையெழுத்துப் போட்டால், எந்தக் கம்பெனி வண்டி ஜெயித்ததோ அது அந்த ஊர்வலத்துக்கு எதிரே போய் நிற்கும். விஷயம் அவ்வளவுதான். அவ்வளவு பெரிசு.

காலையில் வீடு வழக்கம்போல இருந்தது. வழக்கம் என்றால் என்ன வழக்கம்! போட்டிக் கம்பெனி ஊழியரிடம், குடும்பத்தாராகவே இருந்தாலும், வேலை பற்றி வாய் திறப்பதில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஆரம்பித்தது, மூன்று மாதத்தில் எதைப் பற்றியும் பேசாமல் போய் நின்றது.

"அம்மா, ஹீட்டர் போட்டிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிடு" என்றாள் பெரியவள். 'அவர்' இரண்டடி தள்ளி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் அப்பவே குளிச்சாச்சுன்னு சொல்லிடுங்க."

"நான் என்ன தபால்காரியா? ஒரே கட்டில்ல படுத்து எழுந்திரிக்கிறீங்க, ஒரு வாக்கியம் நேரா பேச வராதா?"

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இரவு வேலை முடிந்து வந்த கண்கள் சிவந்திருந்தன. வாய் மட்டும் தூங்கவில்லை.

"விடும்மா. திங்கக்கிழமை என் மூஞ்சிக்கு நேரா சுடுற குழாயைத் திருப்பப் போறாங்கல்ல, யாரோடது முதல்ல திரும்பும்னு ரெண்டு பேருக்கும் பரபரப்பு. அத்தானுது முந்துமா, அக்காவுது முந்துமா?"

"லூசு மாதிரி பேசாதடி" என்றாள் பெரியவள். "அமைதியா நடந்து போறவங்களை அது தொடவே தொடாது. கலகம் பண்றவனை மட்டும்தான் தேடிப் பிடிக்கும்."

சொன்னவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையோ வெண்ணெய் தடவின இடத்திலேயே மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தார். ஸ்டோரம்மா இரண்டையும் பார்த்தாள். பொருளில் பழுது இருந்தால் கொண்டுவந்தவன் கண்ணில் தெரிந்துவிடும் என்பது அவள் அனுபவம். பெற்ற மகளிடம் அதைப் பார்ப்பாள் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

பயிற்சி மைதானத்தில் பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. கமிஷனருக்கும் கமிட்டிக்கும் பந்தல். ஒரு பக்கம் நீலக் கம்பெனியின் மேனேஜர், மறுபக்கம் பச்சைக் கம்பெனியின் மேனேஜர். இருவரும் கைகுலுக்கிச் சிரித்த சிரிப்பில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் கேமரா. அதற்குக் கீழே, ரப்பர் குண்டு சுடும் குழாய். கூட்டத்தில் யார் கலகக்காரர் என்று கேமரா தானே கண்டுபிடித்து, திரையில் அந்த ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடும். மற்றவர்களுக்குப் பச்சைக் கட்டம். சிவப்பு விழுந்தவுடன் குழாயும் தானாக அந்த ஆள் பக்கம் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் போலீஸ்காரர் பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. யோசிக்கிற வேலையை வண்டி பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு கம்பெனியும் விளம்பரத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தன. ரப்பர்தானே என்று லேசாக நினைக்க வேண்டாம். முந்தின நாள் ஒரு பலகைக் கதவில் சுட்டுக் காட்டினார்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"எங்களுது ரெண்டு செகண்டுல ஆளைப் பிடிக்கும் சார்" என்றார் நீலம்.

"எங்களுக்கு ஒண்ணரை போதும் சார்" என்றார் பச்சை.

பயிற்சிப் போலீஸ்காரர்கள் நாற்பது பேர் கலகக்காரர்களாக நடிக்க வந்திருந்தார்கள். பூப்போட்ட சட்டை, கிழிந்த பேன்ட், தலையில் துண்டு. கேன்டீன் ஆட்கள், தோட்டக்காரர்கள், ஆபீஸ் எழுத்தர்கள் என்று இன்னொரு நாற்பது பேர் பொதுஜனமாக நடித்தார்கள். விசில் அடித்ததும் எல்லாரும் கலந்தார்கள். கலகக்காரர்கள் பஞ்சுப் பந்துகளைக் கல்லாக நினைத்து எறிந்தார்கள்.

முதலில் நீலம். பெரியவள் வண்டியின் பக்கவாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் இருந்த பெரிய திரையில் நாற்பது சிவப்பு, நாற்பது பச்சை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு பச்சை. மாப்பிள்ளை உட்கார்ந்தார். அதே நாற்பது, அதே நாற்பது. பந்தலில் கைதட்டல் தூள் பறந்தது.

"பிரமாதம்!" என்று கமிஷனர் எழுந்தேவிட்டார். "விலை, வேகம் ரெண்டையும் கமிட்டி இப்பவே முடிவு பண்ணிடும். ஸ்டோரம்மா, படிவம் கொண்டுவந்திருக்கீங்கல்ல?"

"கொண்டுவந்திருக்கேன் சார். ஆனா நான் இன்னும் சோதிக்கலையே."

"இப்போ பார்த்தோமே, அது என்ன?"

"அது அவங்க காட்டினது சார். சோதனைங்கறது நான் பண்றது."

கூட இருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். ஸ்டோரம்மாவின் சோதனை அவர்களுக்குத் தெரியும். மழைக்கோட்டு வந்தால் தானே போட்டுக்கொண்டு குழாயடியில் கால்மணி நேரம் நிற்பாள். ஒருமுறை ஹெல்மெட் வந்தபோது ஒன்றைத் தரையில் வைத்து ஏறி உட்கார்ந்தாள். விரிசல் விட்டது. நானூறு ஹெல்மெட்டும் அன்றே லாரியில் திரும்பிப் போயின.

"சரி, ஆசைக்கு ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்க" என்று கமிஷனரும் ஜோக்கடித்தார்.

ஸ்டோரம்மா ஏறவில்லை. மைதானத்துக்குள் இறங்கி, நீல வண்டிக்கு முன்னால் நடந்தாள். துணைக்குக் கேன்டீன்காரரைக் கூப்பிட்டுக்கொண்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, கையில் கல் இல்லை. கடைக்குப் போகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் சாதாரணமாக நடந்தார்கள்.

கேன்டீன்காரருக்குப் பச்சைக் கட்டம். ஸ்டோரம்மாவுக்குச் சிவப்பு.

விர்ரென்று ஒரு சத்தம். குழாய் திரும்பி அவள் முகத்துக்கு நேராக நின்றது.

"அம்மா, நகரு!"

மைக் திறந்திருந்ததால் பெரியவளின் அலறல் மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் அம்மாவின் முகம், பெரிதாக.

ஸ்டோரம்மா நகரவில்லை.  திங்கட்கிழமை இந்த இடத்தில் யார் நிற்கப் போவது என்று நினைத்த மாத்திரத்தில் பயம் போய்க் கோபம் வந்தது.

"வெயில் எதிரா அடிக்குது சார், அதனால இருக்கும்" என்றார் நீல மேனேஜர்.

"இவங்க கேமராவோட தரம் அப்படி சார்" என்று பச்சை மேனேஜர் பூரித்துப்போனார். "எங்க வண்டி முன்னால நடக்கச் சொல்லுங்க."

நடந்தாள். பச்சை வண்டியும் அவளைச் சிவப்பில் போட்டது. ஒன்றரை செகண்ட்தான். சொன்ன சொல் தவறவில்லை.

இரண்டு கம்பெனி, இரண்டு மெஷின், ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. இரண்டும் எப்படி ஒரே தப்பைச் செய்யும்? ஸ்டோரம்மா நின்று கூட்டத்தைப் பார்த்தாள். முகங்களை அல்ல. முகம் அவளுக்கு மறந்துவிடும். கால் மறக்காது. யாருக்கு எட்டாம் நம்பர், யாருக்கு ஒன்பது, யார் குதிகாலைத் தேய்த்து நடக்கிறவன் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி, ஷூ கொடுக்கிறவள் அவளாயிற்றே.

பூப்போட்ட சட்டைக்குக் கீழேயும் கறுப்பு ஷூ. கிழிந்த பேன்ட்டுக்குக் கீழேயும் கறுப்பு ஷூ. நாற்பது பேர் காலிலும் அவள் ஸ்டோரில் கொடுத்த தடித்த அடியுள்ள, லேஸ் கட்டின, ஒரே மாதிரி ஷூ. மைதானத்தில் ஷூ இல்லாமல் நின்றால் பயிற்சிப் போலீசுக்குத் தண்டனை. வேஷம் போடச் சொன்னால் எல்லாவற்றையும் மாற்றுவார்கள், ஷூவை மட்டும் மாற்ற மாட்டார்கள். அவள் காலிலும் அதுதான். ஸ்டோர் ஆட்களுக்கு யூனிஃபார்ம் இல்லை, கனமான பெட்டி காலில் விழுந்துவிடக் கூடாதே என்று ஷூ மட்டும் உண்டு.

"தம்பிங்களா, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி நடிச்சிருக்கீங்களா?"

"நிறைய தடவை மேடம்" என்றான் முன்னால் நின்ற ஒருவன். "காலையில நீலத்துக்கு, மத்தியானம் பச்சைக்கு. தினமும் சட்டை மாத்தி மாத்தி வீடியோ எடுத்தாங்க. அந்த வீடியோவைப் போட்டுக் காட்டித்தான் மெஷினுக்குக் கத்துக் குடுத்தாங்களாம்."

ஸ்டோரம்மா அங்கேயே குனிந்து லேஸை அவிழ்த்தாள். இரண்டு வண்டி முன்னாலும் வெறுங்காலோடு நடந்தாள். தரை நெருப்பாகச் சுட்டது. பச்சைக் கட்டம்.

கேன்டீன்காரரிடம் ஷூவைக் கொடுத்தாள். "போட்டுக்கிட்டு நடங்கண்ணே."

"நானா?" என்று முனகிக்கொண்டே அவர் மாட்டிக்கொண்டார். கொஞ்சம் இறுக்கம். நாலடி வைத்தார். சிவப்பு. குழாய் அவர் பக்கம் திரும்பியதும் மனுஷர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"தம்பிங்களா, ஷூவைக் கழட்டுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, தண்டனை வராது. இப்போ எறிங்க பார்க்கலாம், கை வலிக்க எறிங்க!"

நாற்பது பேர் வெறுங்காலோடு பஞ்சுப் பந்துகளை வண்டி மேலேயே எறிந்தார்கள். கேமரா மேலேகூட நாலைந்து பட்டன. திரையில் எல்லாமே பச்சை. பந்தலில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

ஸ்டோரம்மா பந்தலுக்கு வந்து படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். இது கலகக்காரனைப் பிடிக்கிற மெஷின் இல்ல. ஷூ பிடிக்கிற மெஷின்."

"சின்னக் கோளாறும்மா" என்றார் கமிஷனர். "சரி பண்ணிடுவாங்க."

"சாயங்காலத்துக்குள்ள பண்ணிடறோம் சார்" என்றார் நீலம்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கே முடிச்சிடறோம் சார்" என்றார் பச்சை.

"ஒரு மணி!"

"ஏலம் விடறீங்களா?" ஸ்டோரம்மாவின் குரல் உயர்ந்தது. "போன வருஷம் மீந்துபோன ஷூ முந்நூறு ஜோடியை எங்க அனுப்பினேன் தெரியுமா சார்? அரசு ஆஸ்பத்திரிக்கு. வார்டு ஈரத்துல வழுக்குதுன்னு நர்ஸுங்க கேட்டாங்க. நான்தான் கட்டி அனுப்பினேன். திங்கக்கிழமை அந்த முந்நூறு ஷூவும்தான் ரோட்டுல நடக்கப் போகுது. என் சின்னப் பொண்ணு கால்லயும் அதுதான் இருக்கு."

கமிஷனர் படிவத்தை அவள் பக்கமாகத் தள்ளினார். பிறகு, "அதான் ஷூவைச் சரி பண்ணிடுவாங்கன்னு சொல்றாங்களே" என்றார்.

"ஷூவைச் சரி பண்ணுவாங்க. அடுத்து அது எதைப் பிடிச்சுக்கும்னு யாருக்குத் தெரியும்? தலையில கட்டின துண்டா? பூப்போட்ட சட்டையா? அதை யாரு கண்ணு போனதுக்கு அப்புறம் கண்டுபிடிக்கறது?" அவள் திரும்பினாள். "பெரியவளே, இங்க வா. மெஷின் இப்படிப் பண்ணும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவங்க பதில் சொல்லக் கூடாது" என்று நீல மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "ஒப்பந்தம் இருக்கு."

பெரியவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போதுதான் அது நடந்தது. மாப்பிள்ளை தன் வண்டியை விட்டு இறங்கி, வெயிலில் நேரே நடந்து வந்து, மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்களுது கையைப் பார்க்காம காலைப் பார்க்குதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"மிஸ்டர்!" என்றார் பச்சை மேனேஜர்.

"செவ்வாய்க்கிழமை" என்றாள் பெரியவள். "ஏன்னு மட்டும் புரியல. பத்து நாள் டைம் கேட்டேன். பத்து நாள் குடுத்தா பச்சை முந்திடும்னாங்க."

"எனக்குப் போன திங்கக்கிழமையே தெரியும். நான் ஒரு வாரம் கேட்டேன். நீலம் முந்திடும்னாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லலையே. பக்கத்துலதானே படுத்திருந்தே."

பெரியவளின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "ரெண்டு பேருமா சேர்ந்து தங்கச்சியை அங்க நிறுத்தப் பார்த்தோம்" என்றாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று மேனேஜர்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த இரண்டு கம்பெனியும் ஒற்றுமையாக எதையாவது செய்தது அன்றுதான்.

"வாயை மூடினதாலதான் சார் இங்க வந்து நிக்கறோம்" என்றாள் பெரியவள். "இனி மூட மாட்டேன். கமிட்டி எழுத்துல கேட்டா எழுத்துலயே தர்றேன்."

"நானும்" என்றார் மாப்பிள்ளை.

ஸ்டோரம்மாவுக்கு இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இருவர் முதுகிலும் நாலு போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அது இடம் இல்லை.

கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்கள். கமிஷனர் மட்டும் அசையவில்லை. முகம் இறுகியிருந்தது. திங்கட்கிழமை வண்டி தெருவில் நிற்கும் என்று அவர் மேலிடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த விஷயம் ஸ்டோரம்மாவுக்கும் தெரியும்.

"கடைசியா கேட்கிறேன். கையெழுத்துப் போடுவீங்களா மாட்டீங்களா?"

"மாட்டேன் சார்."

"ரிடையர் ஆக இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் சார்."

"சரி. ஸ்டோர் சாவியை வைங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம், சஸ்பெண்ட். உங்க இடத்துக்கு வேற ஆள் வருவாங்க. நாளைக்கே அவங்க கையெழுத்துப் போடுவாங்க. வண்டி போகும்."

பச்சை மேனேஜரின் முகம் மலர்ந்தது. நீல மேனேஜர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். பெரியவள் "அம்மா" என்று கையைப் பிடித்தாள். ஸ்டோரம்மா அந்தக் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தாள். பாரம் இறங்கினது போல இருந்தது என்று சொன்னால் பொய். இருபத்தாறு வருஷம்.  

"திங்கக்கிழமை எனக்கு வேலை இல்லைங்களா சார்?"

"இல்லைன்னு சொன்னேனே."

"எழுத்துல குடுப்பீங்கல்ல?"

"சாயங்காலமே வரும்."

கேன்டீன்காரர் ஷூவைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார். ஸ்டோரம்மா கமிஷனரின் நாற்காலிக்கு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, சாவகாசமாகக் காலை நுழைத்து, லேஸை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். டூட்டி டூட்டின்னு என் பொண்ணுகூட ஒரு நாள் சேர்ந்து நடந்ததில்ல. திங்கக்கிழமை முன் வரிசையில அவ பக்கத்துல நடந்து வரேன். இதே ஷூவோட."